நம்ம ஆளுதானே, எதுக்குக் காகிதம்?

எங்கள் வீட்டில் ஒரு தொழில் இருக்கிறது. போர்டு கிடையாது, விசிட்டிங் கார்டு கிடையாது. காரைக்குடியில் எங்கள் தெருப்பக்கம் வந்து "மேஸ்திரி வீடு எது?" என்று கேட்டால் கை காட்டுவார்கள், அவ்வளவுதான். தாத்தா கொத்தனார். அப்பா மேஸ்திரி (காண்ட்ராக்டர் என்று யாராவது சொன்னால் கூச்சப்படுவார்). சித்தப்பாவுக்குக் கம்பி கட்டுவதும் சென்ட்ரிங்கும். அத்தை மகன் ஒயரிங், பிளம்பிங். அம்மா கணக்கு நோட்டு. நான் சிவில் மூன்றாம் வருஷம், அதாவது எல்லோரும் கிண்டல் செய்வதற்கு ஓர் ஆள் :-)

கல்லூரியில் 'கட்டுமானத் துறை' என்று சொன்னால் எல்லோருக்கும் மெட்ரோ, மேம்பாலம், இருபது மாடி அபார்ட்மெண்ட்தான் ஞாபகம் வருகிறது. உங்கள் ஊரில் கண்ணில் படுகிற நூறு வீட்டை யார் கட்டினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் எங்களை மாதிரி ஒரு குடும்பம்தான் கட்டியிருக்கும். இந்தக் குடும்பங்களைப் பற்றி ஒரு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். சண்டை வெளியாட்களோடு இல்லை, எங்கள் அப்பாவோடு.

முதலில் எங்கள் பக்கத்துப் பெருமையைச் சொல்லிவிடுகிறேன்.

இரவு பதினோரு மணிக்கு மழை கொட்டுகிறது, ஒரு வீட்டில் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒழுகுகிறது. போன் வரும். அப்பா டார்ச்சும் ஒரு சாக்கும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கட்டி முடித்து ஒன்பது வருஷம் ஆன வீடாக இருக்கும். இதற்குப் பில் கிடையாது. ஏன் போகிறார் என்றால், காலையில் டீக்கடையில் அந்த வீட்டுக்காரர் முகத்தில்தான் முழிக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் இதைக் கஸ்டமர் கேர் என்று சொல்லி ஒரு நம்பர் கொடுப்பார்கள், அதில் பாட்டு ஓடும். எங்கள் தொழிலில் உத்தரவாதம் என்பது அதே தெருவில் குடியிருப்பதுதான். கம்பெனி என்றால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைக் கொன்ற 11 மாடிக் கட்டிடத்தை எந்தத் தெரு மேஸ்திரியும் கட்டவில்லை.

சரி, பெருமை போதும். சண்டைக்கு வருகிறேன்.

எங்கள் அப்பா இதுவரை ஒரு வீட்டுக்கும் ஒப்பந்தம் எழுதியதில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள். வெற்றிலை பாக்கில் அட்வான்ஸ் வைத்துக் கொடுப்பார்கள். அதோடு முடிந்தது. அந்தச் 'சதுர அடி'யில் எது எது சேரும்? சன்ஷேடு சேருமா, போர்டிகோ பாதியாகக் கணக்கா முழுதாகவா, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டு எல்லாம் தனியா? வேலை நடக்கும்போது சிமெண்ட் விலை ஏறினால் யார் கையில் இருந்து? இதெல்லாம் அப்பா மனதில் ஒரு மாதிரியும் வீட்டுக்காரர் மனதில் வேறு மாதிரியும் இருக்கும். இரண்டு பேருமே நல்லவர்கள் என்பதால் யாரும் கேட்க மாட்டார்கள்.

புது வீட்டிலாவது இதைச் சமாளித்துவிடலாம். பேஸ்மெண்ட், லிண்டல், மேல் தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பணம் வருவதால், மனஸ்தாபம் வந்தாலும் பாதியிலேயே தெரிந்துவிடும். பழைய வீட்டை மாற்றிக் கட்டுவதில்தான் வினையே இருக்கிறது. பூச்சை உடைக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று மேஸ்திரிக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரியாத ஒரு வேலைக்கு முன்கூட்டியே விலை பேசுகிறார்கள். டாக்டர்கூட அறுப்பதற்கு முன்னால் காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்!

2022-ல் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அப்பா எட்டாம் வகுப்பு வரை அவரிடம்தான் படித்தார். எனக்கு அவர் 'வாத்தியார் மாமா'. 1980களில் கட்டிய அவர் வீட்டு மாடியில் ஓர் அறையும் பாத்ரூமும் போட வேண்டும் என்றார். மொத்தமாக ஆறு லட்சம் என்று பேச்சு. மாமாவும் அத்தையும் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று பெங்களூர் போய்விட்டார்கள்.

வேலை ஆரம்பித்த மூன்றாம் நாள். ஹால் தளத்தின் அடிப்பக்கம் ஓரிடத்தில் பூச்சு லேசாக உப்பியிருந்தது. அப்பா சுத்தியலால் தட்டினார். தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும், 'டொக்' என்று கேட்டது. உடைத்துப் பார்த்தால் கம்பி துருப்பிடித்துப் பொரிந்து கிடக்கிறது. (இரும்பு துருவானால் பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். அதுதான் உள்ளிருந்து கான்கிரீட்டைத் தள்ளுகிறது. கம்பிக்கு வெளியே போதுமான கனத்துக்குக் கான்கிரீட் இல்லாமல் போட்ட பழைய தளங்களில் இது சர்வ சாதாரணம். இந்த ஒரு விஷயத்தில் என் பாடப் புத்தகமும் அப்பாவும் ஒத்துப்போகிறார்கள்.) அந்தத் தளத்தின் மேல் புது அறையைத் தூக்கி வைக்க முடியாது. கீழே இரண்டு தூண், ஒரு பீம், கெட்டுப்போன இடம் முழுக்கச் சுரண்டிப் புதுக் கம்பி. அப்பா போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சார், உள்ளே கம்பி போயிருக்கு. அதைச் சரி பண்ணாம மேலே ஏத்த முடியாது சார்."

"நீ பாத்துச் செய்யப்பா. உனக்குத் தெரியாததா?"

"செலவு கொஞ்சம் கூட வரும் சார்."

"அதெல்லாம் வந்து பேசிக்கலாம்ப்பா."

இவ்வளவுதான் ஒப்பந்தம். கூடுதலாக 1,35,000 ரூபாய் ஆனது. அம்மாவின் நோட்டில் கம்பி, சிமெண்ட், கூலி எல்லாம் தேதி வாரியாக இருக்கிறது. மாமா திரும்பி வந்து கணக்குப் பார்த்தபோது, "கொஞ்சம்னா பத்து இருபதாயிரம்னு நெனச்சேன். மொத்தமா ஆறு லட்சம்னுதானே பேசினோம்?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பென்ஷன் பணத்தில் வாழ்பவர். அவர் காதில் 'கொஞ்சம்' என்று விழுந்தது, அவர் அளவில் கொஞ்சம் என்றால் இருபதாயிரம். எங்கள் அப்பாவும் பொய் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு வாத்தியாரிடம் எதிர்த்துப் பேச வாய் வராமல் எழுந்து வந்துவிட்டார். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. சிமெண்ட் கடைக்கு அம்மாவின் இரண்டு வளையல் போனது.

பணம்கூடப் பரவாயில்லை. எங்கள் பக்கம் கிரகப்பிரவேசம், புது மாடி பால் காய்ச்சுவது என்றால் மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள். அந்த மாடிக்குப் பால் காய்ச்சியது எங்களுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தெரியும். அதன் பிறகு தெருவில் இரண்டு வீட்டு வேலை வேறு ஆளுக்குப் போனது. "மேஸ்திரி பேசினதுக்கு மேலே கேக்குறாராம்" என்று பேச்சு. அப்பா நாற்பது வருஷமாகச் சம்பாதித்தது அந்தப் பெயரை மட்டும்தான். அது போன அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

நானும் அப்பாவும் சண்டை போட ஆரம்பித்தது அங்கேதான். "ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் இது நடந்திருக்குமா?" என்றேன். "கையெழுத்துக் கேட்டா நம்பலைன்னு அர்த்தம். சார்கிட்ட போய் எப்படிக் கேப்பேன்?" என்றார். தாத்தா வேறு சேர்ந்துகொண்டார். "செட்டியார் வீடெல்லாம் நூறு வருஷமா நிக்குது, எந்த அக்ரிமெண்ட்டு போட்டுக் கட்டினாங்க?"

தாத்தாவுக்கு என் பதில் ரொம்ப நாள் கழித்துத்தான் தோன்றியது. எங்கள் ஊர் நகரத்தார் கல்யாணத்தில் 'இசைகுடிமானம்' என்று ஒன்று உண்டு. கல்யாணத்தை எழுத்தில் பதிந்து இரு வீட்டாரும் கையெழுத்துப் போடுவார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சொந்தத்துக்குள்ளேயே எழுத்து இருக்கிறது. நம்பிக்கை இல்லாமலா எழுதினார்கள்? நாளைக்கு இரண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம் வரக்கூடாது என்றுதான் எழுதினார்கள். பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் பார்க்க வெளிநாட்டில் இருந்து வருகிறார்கள். இந்தப் பழக்கத்தைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் நாங்களே கண்டுகொள்ளவில்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். நானும் தேடிப் பார்த்தேன். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அடுக்குமாடி வாங்குபவருக்கு நல்ல காவல். கட்டுமானக் குறை இருந்தால் ஐந்து வருஷம்வரை பில்டரே சரிசெய்து தர வேண்டும். ஆனால் அது விற்பதற்காகக் கட்டுகிற கட்டிடங்களுக்கானது. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுவதும், விற்பனை சம்பந்தப்படாத பழுது பார்ப்பும் அதற்குள் வராது. நுகர்வோர் சட்டம் இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லிவிட்டது. வீட்டுக்காரர் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணம்கூட இல்லை. மேஸ்திரிக்கு அந்த வழி இல்லை. பாக்கி வசூலிக்க வேண்டும் என்றால் மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். போய் என்ன சொல்வது? "போன்ல சொன்னார் எஜமான்" என்றா? வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், சட்டம் மறுக்கவில்லை. நிரூபிப்பது யார்?

இன்னொன்றும் மாறியிருக்கிறது. 2024 ஜூலையில் இருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிவரை மனையில் 3,500 சதுர அடிவரை வீட்டுக்கு, தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால், சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். எங்கள் மாதிரிக் குடும்பம் கட்டுகிற வீடு அநேகமாக எல்லாமே இந்த அளவுக்குள்தான். ஆபீஸ் ஆபீசாக அலைவது ஒழிந்தது, சந்தோஷம். முன்கூட்டி ஓர் அதிகாரி வந்து எட்டிப் பார்ப்பதும் அதோடு போனது. இனி அந்த மனையில் மேஸ்திரி, வீட்டுக்காரர் என்று இரண்டே பேர்தான்.

எங்கள் ஆட்களின் குறையையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். 'நம்ம ஆளு' என்ற வார்த்தையை நாங்களும் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறோம். ஒரே நேரத்தில் மூன்று சைட் எடுத்துக்கொண்டு இங்கே இரண்டு நாள், அங்கே இரண்டு நாள் என்று கொத்தனாரை மாற்றி மாற்றி அனுப்புவது யார்? நாங்கள்தான். வெயில் காலத்தில் தளத்துக்குக் குறைந்தது பத்து நாள் தண்ணீர் நிறுத்த வேண்டும் என்று தரக்குறிப்பில் இருக்கிறது. ஐந்தாம் நாளே மேலே செங்கல் அடுக்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேட்டால் "வீட்டுக்காரரே அவசரப்படுறார்" என்று பதில். சித்தாள் அக்காக்கள் இருபது வருஷம் கலவை சுமந்தும் ஒருவர்கூடக் கொத்தனார் ஆகவில்லை, கூலியும் கொத்தனாருக்குக் கிட்டே வரவில்லை. இது தனியாக எழுத வேண்டிய விஷயம், எழுதுவேன்.

ஆகவே, நான் கேட்பது வக்கீல் வைத்து எழுதுகிற இருபது பக்கம் இல்லை. நோட்டுத்தாளில் இரண்டு பக்கம். சதுர அடிக் கணக்கில் எது சேரும், எது சேராது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம். சிமெண்ட், கம்பி என்ன பிராண்டு, விலை மாறினால் யார் பொறுப்பு (சிமெண்ட்டுக்கு 2017-ல் இருந்து 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பரில் அது 18 ஆனது. ஏறுவதற்கு மட்டும் இல்லாமல் இறங்குவதற்கும் எழுத வேண்டும் என்று அம்மா சொன்னார்!). தளத்துக்கு எத்தனை நாள் தண்ணீர், முட்டு எப்போது பிரிப்பது. ஒழுகினால் எத்தனை வருஷம் இலவசமாக வருவோம். அப்பா எப்படியும் போகத்தான் போகிறார், எழுதினால் பெயராவது கிடைக்கும். பழைய வீட்டு வேலை என்றால் மட்டும் ஒரு வரி கூடுதல்: பூச்சை உடைத்த பிறகு எதிர்பாராதது தெரிந்தால் வேலையை நிறுத்தி, போட்டோ எடுத்து, செலவை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே தொடர வேண்டும்.

வாத்தியார் மாமாவிடம் இந்தக் கடைசி வரி மட்டும் இருந்திருந்தால், பெங்களூரில் உட்கார்ந்தே போட்டோவைப் பார்த்திருப்பார். 1,35,000 என்ற எண்ணைப் பார்த்திருப்பார். வேண்டாம், மாடியே வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அது அவருடைய உரிமை. எழுதாததால் அந்த உரிமையை நாங்கள் அவரிடம் இருந்து பிடுங்கிவிட்டோம். இதை அப்பாவிடம் சொன்னபோதுதான் முதல் தடவையாகச் சண்டைக்கு வராமல் சும்மா இருந்தார்.

போன மாதம் இன்னொரு பழைய வீடு வந்தது. ஓட்டு வீட்டின் பின்கட்டைப் பிரித்துத் தளம் போட வேண்டும். நான் எழுதிய இரண்டு பக்கத்தை அப்பா பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்காரர் படித்துவிட்டு, "என்ன மேஸ்திரி, எம்மேலே நம்பிக்கை இல்லையா?" என்று அப்படியே கேட்டாராம். அப்பா என்ன பதில் சொன்னார் என்று இதுவரை எங்களிடம் சொல்லவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். எட்டு நாள் ஆகிறது. காகிதம் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருப்பதாக சித்தப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னார். வேறு மேஸ்திரி ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போனதாகவும் கேள்வி.

அப்பா சென்ட்ரிங் பலகையை இன்னும் வேறு சைட்டுக்கு அனுப்பவில்லை.