ஆட்டோமேட்டிக் ஈ-டைப்புக்கு கிளட்ச் வைக்கலாமா?

வைக்கலாம். தாராளமா வைக்கலாம். ஆனா சேசிஸ் நம்பர் கடைசியில இருக்கற ரெண்டு எழுத்துல மட்டும் கை வைக்கக்கூடாது. இதுதான் நம்ம கட்சி. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. கார் பைத்தியங்கள் அடுத்த பத்தியைத் தாண்டிடலாம்.

ஜாகுவார் ஈ-டைப் 1961ல் ஜெனீவா கண்காட்சியில் வெளிவந்தது. செய்த இடம் இங்கிலாந்தில் கவென்ட்ரி. ரெண்டு பேர் உட்காரலாம், நாலு கியர், கிளட்சை மிதிச்சு மாத்தணும், வேற வழியே கிடையாது. 1966ல் பின்னாடி குட்டியா ரெண்டு சீட் வச்சு '2+2'ன்னு ஒரு மாடல் விட்டாங்க. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில 96 அங்குலமா இருந்தது 105 ஆச்சு. கூடுதலா வந்த 9 அங்குலத்தால குழந்தைகளுக்கு மட்டும் இடம் கிடைக்கல, போர்க்-வார்னர் மாடல் 8னு ஒரு மூணு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியை உள்ளே வைக்கவும் இடம் கிடைச்சது. அப்படி வந்த கார்களோட சேசிஸ் நம்பர் முடிவில் 'பி.டபிள்யூ.'ன்னு அடிச்சிருக்கும். போர்க்-வார்னரோட சுருக்கம். அந்த ரெண்டு எழுத்து இதுதான்.

வேலை விஷயமா நான் இருக்கறதும் கவென்ட்ரிதான். கூட வேலை பார்க்கற ஒரு நண்பர் 1967 மாடல் 2+2 ஒண்ணு வச்சிருக்கார். பி.டபிள்யூ. கார். அதை மேனுவலா மாத்தற வேலையில சனிக்கிழமைதோறும் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கற உத்தியோகம் எனக்கு. சம்பளம் ஒரு டீ, ரெண்டு பிஸ்கட் :-)

மாத்தறதுக்கு முன்னாடி அதில் ஒரு ரவுண்டு போயிருக்கேன். 4.2 லிட்டர் எஞ்சின், கம்பெனி கணக்குப்படி 265 குதிரை. ஆனா ஆக்சிலரேட்டரை அழுத்தினா, மனு கொடுத்துட்டு தாலுகா ஆபீஸ் வாசல்ல நிக்கற மாதிரி ஒரு உணர்வு. மனு உள்ளே போகும், யாரோ யோசிப்பாங்க, அப்புறம்தான் கார் நகரும். எஞ்சின் பாடற நேரத்துல பெட்டி மேல் கியருக்குப் போயிடும். இப்ப வர்ற ஆட்டோமேட்டிக்கை எல்லாம் நான் குறை சொல்லலை, தினம் ஓட்டறதே அதுதான். அறுபதுகளோட மூணு கியர் பெட்டி வேற ஜாதி. சொகுசுக் காருக்குப் பொருத்தம். இந்த எஞ்சினோட சேர்த்தது பொருந்தாக் கல்யாணம்.

"கியர்பாக்ஸைக் கழட்டி இன்னொண்ணு வைக்கறதுதானே?"ன்னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஈ-டைப்புல கியர்பாக்ஸ் மட்டும் தனியா இறங்காது. அந்த நீள பானெட்டை முழுசா கழட்டணும், அப்புறம் எஞ்சினும் பெட்டியும் ஜோடியாத்தான் வெளியே வரும். டார்க் கன்வெர்ட்டரும் அதைத் தாங்கற மெல்லிசான தட்டும் போய், கனமான ஃப்ளைவீல் வரணும். கிளட்ச், பெல் ஹவுசிங், ரிலீஸ் பேரிங், பெடல் பெட்டி, மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், ஹைட்ராலிக் குழாய். பெட்டியோட நீளம் மாறுறதால புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் மாறும். கியர்பாக்ஸ் எண்ணெயை ஆற வைக்க ரேடியேட்டர் பக்கம் போற குழாய்களை அடைக்கணும். கிராங்க் ஷாஃப்ட் முனையில் ஒரு சின்ன புஷ் இருக்கணும், மேனுவல் பெட்டியோட முன் ஷாஃப்ட் அதுலதான் உட்காரும். அது இருக்கான்னு பார்க்காம எஞ்சினைத் திரும்ப ஏத்தினா மறுபடி எல்லாத்தையும் இறக்க வேண்டியதுதான்.

எனக்குப் பிடிச்ச மேட்டர் ஒரு சுவிட்ச். ஆட்டோமேட்டிக் காரில் லீவர் பார்க்கிங்லயோ நியூட்ரல்லயோ இருந்தாத்தான் ஸ்டார்ட்டருக்கு கரண்ட் போகும். பெட்டி போனா அந்த சுவிட்சும் போகும், கார் ஸ்டார்ட் ஆகாது. நிறைய பேர் ரெண்டு ஒயரையும் முறுக்கி இணைச்சுட்டு வேலை முடிஞ்சதுன்னு போயிடறாங்க. அப்புறம் கியர்ல இருக்கும்போது சாவியைத் திருப்பினா கார் எகிறிக் குதிக்கும். எர்ரர் செக்கை கமெண்ட் அவுட் பண்ணிட்டு ரிலீஸ் பண்ற நம்ம ஆளுங்க ஞாபகம் வருதா? கிளட்ச் பெடல்ல ஒரு சுவிட்ச் வச்சு அந்த ஒயரை அதுல கொடுத்துடுங்கன்னேன். கொடுத்தாச்சு. இந்த ப்ராஜெக்ட்ல என் பங்களிப்பு இதுதான், ஹி ஹி.

சரி, விவாதத்துக்கு வருவோம். சுத்த சைவக் கட்சி ஒண்ணு இருக்கு. தொழிற்சாலையை விட்டு எப்படி வந்ததோ அப்படியே இருக்கணும், ஒரு போல்ட்டை மாத்தினாலும் பாவம்னு சொல்றவங்க. அவங்க பேச்சுல ஒரு நியாயம் இருக்கு. ஆளாளுக்கு மாத்திட்டே போனா ஆட்டோமேட்டிக் ஈ-டைப் எப்படி இருந்ததுன்னு காட்டக்கூட ஒரு கார் மிஞ்சாது. அதனால பெயின்ட்டுல இருந்து சீட் வரைக்கும் எல்லாமே ஒரிஜினலா, நல்லா இருக்கற காரைக் கெடுக்காதீங்கன்னு நானும் சொல்வேன். முழங்கால் வலியில கிளட்ச் மிதிக்க முடியாதவருக்கு அந்தக் கார் வரம். ஆனா ஏற்கெனவே பெட்டி செத்து, வருஷக்கணக்கா ஷெட்ல தூசி தின்னுட்டுக் கிடக்கற காருக்கு என்ன பதில்? நம்ம நண்பரோடது அப்படிப்பட்டதுதான். ரிவர்ஸ் விழாது, வழியெல்லாம் எண்ணெய் கசியும். ஓடாத ஒரிஜினலை விட ஓடற மாற்றம் மேல்.

இன்னொரு கட்சி இருக்கு, எனக்கு இவங்களைத்தான் ஆகாது. விலைக்காக மாத்தறவங்க. மேனுவல் காருக்கு மவுசு அதிகம், ஆட்டோமேட்டிக் 2+2 வரிசையில கடைசி. கம்மியா வாங்கி, மாத்தி, மேனுவல் விலைக்குத் தள்ளிடலாம்னு கணக்கு. கிளட்ச் வச்சதால அந்த 9 அங்குலம் குறைஞ்சு ரெண்டு சீட் கூபே ஆயிடாது, 2+2 எப்பவும் 2+2தான். பாகம், கூலி எல்லாம் போக கையில என்ன நிக்கும்? அங்கேதான் சிலருக்கு அந்த ரெண்டு எழுத்து உறுத்த ஆரம்பிக்குது. தகட்டை மாத்தலாமா, தேய்க்கலாமான்னு. அது பச்சைத் திருட்டு. பிரயோஜனமும் இல்லை, ஜாகுவாரோட பாரம்பரிய அறக்கட்டளையில தயாரிப்புப் பதிவேடு இருக்கு. சான்றிதழ் கேட்டு வாங்கினா சேசிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ் நம்பர் எல்லாம் வந்துடும்.

எந்தப் பெட்டி வைக்கறதுங்கறதுல எனக்கும் நண்பருக்கும் இன்னும் சண்டை ஓயலை. அவர் ஜாகுவாரோட அசல் நாலு கியர் பெட்டியை வாங்கி வச்சிருக்கார். நான் ஐந்து கியர் கேக்கறேன். ட்ரெமெக் டி5, கெட்ராக்னு ஈ-டைப்புக்கு வழக்கமா வைக்கற பெட்டிகள் உண்டு, மோட்டார்வேயில் எஞ்சின் கத்தாம போகலாம். ஆட்டோமேட்டிக்கை எடுத்தாச்சு, முழுக்க நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்கு? "அந்தக் காலத்து ஆள் காசு கொடுத்து எதை வாங்கியிருக்க முடியுமோ அதுதான் எனக்கு வேணும்"ங்கறார். காசு அவரோடது, நான் ஸ்பேனர்தானே.

ஒரு விஷயத்துல மட்டும் சண்டையே வரலை. பழைய போர்க்-வார்னர் பெட்டியும் கன்வெர்ட்டரும் சுத்தம் பண்ணி, துளைகளை அடைச்சு, மரப்பெட்டியில ஷெட் மூலையில் இருக்கு. தார்ப்பாய் போட்டிருக்கார். கழட்டின போல்ட்டெல்லாம் சீட்டு எழுதின பைகள்ல. கார் எப்ப கை மாறினாலும் அதுவும் கூடவே போகும், விளம்பரத்துல முதல் வரியே 'ஆட்டோமேட்டிக்கா பிறந்தது'ன்னு இருக்குமாம்.

டிஸ்கி: பானெட்டை ரெண்டு பேர் மட்டும் தூக்க முயற்சி பண்ணாதீங்க. நாலு பேரைக் கூப்பிடுங்க, பிஸ்கட்டை அதிகப்படுத்துங்க.