கந்தகத்தில் குளித்தால்தான் கசடு உரமாகும்!

'சாக்கடைக் கசடு நல்ல உரமாமே டாக்டர், மாடித் தோட்டத்துக் கீரைக்குப் போடலாமா?' என்று கேட்கிறார்கள். காய்ந்து, பொடியாகி, நாற்றமே இல்லாமல் மூட்டையில் வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

சத்து இருப்பது நிஜம். தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் உண்டு. அமெரிக்காவில் மில்வாக்கி நகரம் 1926-லிருந்தே தன் கழிவுநீர்க் கசடைப் பதப்படுத்தி உரமாக விற்று வருகிறது. ஆகவே 'சேச்சே, சாக்கடையா!' என்று மூக்கைப் பொத்துபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாட்டு எரு மட்டும் எங்கிருந்து வந்ததாம்?

என் கவலை மலம் அல்ல, உலோகம். நம் ஊர்ச் சாக்கடையில் வீட்டுத் தண்ணீர் மட்டுமா ஓடுகிறது? முலாம் பூசும் பட்டறை, பேட்டரி உடைக்கும் இடம், சாயக் கழிவு எல்லாம் வந்து சேருகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் தெளிந்து வெளியே போய்விடும். அதிலிருந்த துத்தநாகம், செம்பு, காட்மியம், ஈயமெல்லாம்? பெரும்பகுதி கசடில்தான் தங்குகிறது. வெயிலில் காயவைத்தால் கிருமிகள் குறையும். உலோகம் சாகுமா? செடி உறிஞ்சி இலைக்குள் ஏற்றிய பிறகு, கீரையை மூன்று தண்ணீரில் அலசினாலும் போகாது; வேகவைத்தாலும் போகாது.

காட்மியம் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானின் டொயாமா பகுதி சாட்சி. (அங்கே வந்தது சாக்கடையால் அல்ல, சுரங்கக் கழிவால்.) ஜின்சூ ஆற்று நீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு, முக்கியமாகப் பிள்ளை பெற்ற, வயதான பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டு எலும்பு ஒடிந்தது. 'வலிக்குதே, வலிக்குதே' என்ற அலறலே, 'இடாய் இடாய்' என்று அந்த நோய்க்குப் பெயராகிவிட்டது. 1968-ல்தான் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. சிறுநீரகத்தில் புகுந்த காட்மியத்தில் பாதி வெளியேறவே 10 வருடங்களுக்கு மேல் ஆகும்.

சரி, இதற்கு என்ன வழி? கந்தகம் தின்னும் பாக்டீரியா! 1922-ல் மண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தவர்கள் வாக்ஸ்மனும் ஜோஃபேயும். பின்னாளில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசினுக்காக நோபல் பரிசு வாங்கினாரே, அதே வாக்ஸ்மன்தான். கசடில் கந்தகப் பொடியைத் தூவி, காற்று செலுத்திக் கலக்கினால், இந்த நுண்ணுயிர் கந்தகத்தைக் கந்தக அமிலமாக்கிவிடுகிறது. சில நாட்களில் கசடு எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளித்துவிடும். ஒட்டிக்கொண்டிருந்த துத்தநாகம், செம்பு, காட்மியமெல்லாம் கரைந்து தண்ணீரோடு வந்துவிடும். அந்தப் புளிப்பில் நோய்க்கிருமிகளும் பெருமளவு மடிகின்றன. நீரைப் பிழிந்தெடுத்து, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்தால் உரம் ரெடி. கனடாவின் கியூபெக்கில் ஆராய்ச்சியாளர்கள் 1990-களிலேயே இதை விரிவாகச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

உலோகம் என்றாலே சித்த வைத்தியர்களைத்தான் எல்லோரும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஆனால் சுத்தி செய்யாத சரக்கை மருந்தில் சேர்க்காதே என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். கசடுக்கும் அதே நியாயம்தானே?

இந்த முறையிலும் குறை உண்டு. ஈயம் சரியாகக் கரையாது. குரோமியமும் சண்டித்தனம் செய்யும். பிழிந்த நீரிலுள்ள உலோகத்தைச் சுண்ணாம்பிட்டுப் படியவைத்து, பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். ஆற்றில் விட்டால் செய்த வேலையெல்லாம் வீண். செலவும் ஆகும். அதை வரி கட்டும் நம் தலையில் கட்டாதீர்கள். உலோகத்தைச் சாக்கடையில் விடுகிற தொழிற்சாலை தரட்டும். தன் வாசலிலேயே பிரித்துவிட்டால் இன்னும் உத்தமம்.

மூலிகை மருந்தில் காட்மியம் 10 லட்சத்தில் 0.3 பங்கைத் தாண்டக்கூடாது என்று எங்களுக்கு விதி. நல்ல விதிதான். நகரக் குப்பையில் செய்யும் கம்போஸ்ட்டுக்குக்கூட உரக் கட்டுப்பாட்டு ஆணையில் கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம் என வரம்பு இருக்கிறது. கசடு மூட்டையிலும் இந்த அளவுகளைச் சோதித்து, அச்சடித்து விற்கட்டும்.

மாடித் தோட்டக்காரர்களுக்கு என் பதில்: பரிசோதனைச் சீட்டு இல்லாத கசடை, கையுறை மாட்டிக்கொண்டு, குரோட்டன்ஸுக்கு வேண்டுமானால் போடுங்கள். கீரைக்கும் வல்லாரைக்கும் முள்ளங்கிக்கும் வேண்டவே வேண்டாம். அவற்றுக்கு உங்கள் வீட்டுக் காய்கறித் தோலை மக்கவைத்த உரமே போதும்.