சரக்குச் செலவு: எவர் போட்ட கணக்கு?

பொருள்களைக் கொண்டுசெலுத்தும் செலவு, உள்நாட்டு மொத்த ஆக்கத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு என்று தில்லியார் பல்லாண்டுகளாகப் பறைசாற்றி வந்தனர். அவ்வெண்ணைக் காட்டியே 2022இல் ஒரு கொள்கையும் வகுத்தனர். 2025இல் நடுவணரசின் தொழில்துறை வெளியிட்ட அறிக்கையோ, 2023-24ஆம் ஆண்டில் அச்செலவு 7.97 விழுக்காடே என்கின்றது! செலவு பாதியாய்க் குறைந்துவிட்டதா? இல்லை, தமிழ்மக்களே! மாறியது அளவுகோலே. பழைய எண் அரைகுறைத் தரவுகளிலிருந்து வந்ததென்று இன்று அவர்களே ஒப்புகின்றனர். அளந்து பாராமலே கொள்கை வகுத்தாரின் துணிவை என்னென்பது!

அவ்வறிக்கையின் உள்ளேயே இன்னொரு செய்தி கிடக்கின்றது. ஆண்டுக்கு 5 கோடி உருபா வரை விற்றுவரவுள்ள சிறு தொழிலகங்கள் தம் ஆக்க மதிப்பில் 16.9 விழுக்காட்டைச் சரக்குச் செலவுக்கே இறுக்கின்றன. 250 கோடிக்கு மேற்பட்ட பெருநிறுவனங்களுக்கோ அது 7.6 விழுக்காடே. சிறியவன் தலையில் இருமடங்குக்கு மேற்பட்ட சுமை! எட்டு விழுக்காடு என்னும் ஒற்றையெண் இக்கொடுமையைப் போர்த்து மறைத்துவிட்டது.

தொழிலகக் கணக்கே இதுவென்றால் உழவன் கணக்கு என்னாகும்? தென்காசி மாவட்டத்து மேலநீலிதநல்லூர் வட்டாரத்துக் கரிசற் காட்டை எண்ணிப் பாருங்கள். பத்து மூட்டை உளுந்தோ மக்காச்சோளமோ உடையவனுக்கு ஒரு சரக்குந்து நிறையாது. எனவே களத்துக்கு வரும் வணிகன் சொல்லும் விலைக்கே தந்துவிடுகின்றான். வண்டிக்கூலி, ஏற்றுகூலி, இறக்குகூலி, சுங்கச்சாவடிக் கட்டணம், வெறுவண்டியாய்த் திரும்பும் செலவு ஆகிய அனைத்தையும் கழித்துத்தான் வணிகன் அவ்விலையைச் சொல்கின்றான். உழவன் ஏட்டில் சரக்குச் செலவு என்றொரு வரியே இராது. விலைக்குறைவு என்னும் பெயரில் அது அவன் மடியை அறுத்துச் செல்லும். எந்த அறிஞர் குழு இதை அளந்தது?

சாலையினும் தொடர்வண்டி மலிவு என்பர். மெய்தான். சங்கரன்கோவிலுக்கு 1927இலேயே தடம் வந்தது. 2004இல் அஃது அகலத்தடமும் ஆயிற்று. ஆயினும் என்ன? நாற்பதுக்கு மேற்பட்ட பெட்டிகளை ஒருசேர நிரப்ப வல்லார்க்கே பெரும்பாலும் சரக்குத்தொடர் கிட்டும். நிலக்கரிக்கும் இரும்புக்கும் அது பொருந்தும். பத்து மூட்டைக்குப் பொருந்துமா? ஆள்வண்டியில் இணைத்த சிப்பப்பெட்டி உண்டெனின், வண்டி நிற்கும் சில மணித்துளிக்குள் ஏற்றியாக வேண்டும். ஊர்வழியே தடம் ஓடுகின்றது; உழவன் உளுந்தோ சாலையில் போகின்றது.

அச்சாலையில் ஓடும் சரக்குந்துக்கு ஊற்றும் எரிநெய்மேல் நடுவணரசு தண்டும் மேல்வரியில் மாநிலங்களுக்குப் பங்கே இல்லை. கரிசற்காட்டு உளுந்து தூத்துக்குடி போய்ச் சேரும்வரை தில்லிக்கு இறை செலுத்திக்கொண்டே போகின்றது!

தமிழ்நாட்டரசு தானே அளக்கட்டும். களத்திலிருந்து துறைமுகம்வரை மூட்டை ஒன்றுக்கு ஆகும் செலவை வட்டந்தோறும் எழுதி வெளியிடட்டும். சங்கரன்கோவில் நிலையத்தருகே சிற்றுழவர் சரக்கை ஒன்றுசேர்க்கும் கூட்டுறவுக் கிடங்கு எழட்டும். நான்கைந்து பெட்டியளவேனும் ஏற்ற இசையுமாறு தொடர்வண்டித் துறையை வற்புறுத்தட்டும். மேல்வரிப் பங்கு கேட்கத் தில்லி செல்வோர் கையில் அவ்வேடு இருக்கட்டும்.