டிரைவர் எங்கே படுத்தார்?

விடுமுறை என்று நாலு நாள் சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் நம்மவர்களுக்குக் கால் ஓரிடத்தில் தரிப்பதில்லை. ரயிலில் போகலாம் என்றால், ரயில் சொன்ன நேரத்துக்கு நாம் போய் நிற்க வேண்டும். பஸ்ஸில் போகலாம் என்றால், அது நிற்கிற இடத்தில்தான் இறங்க வேண்டும். இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? "டிரைவரோடு ஒரு காரைப் பேசிவிட்டால் போச்சு. நம் இஷ்டத்துக்குக் கிளம்பலாம், நம் இஷ்டத்துக்கு நிற்கலாம்" என்கிறார்கள். வீட்டுக்கு வீடு இதுதான் பேச்சு.

அந்த 'நம் இஷ்டம்' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு, காரோடு அல்ல.

வாடகைக் கார் கூடாது என்று சொல்ல வந்தவன் என்று என்னை யாரும் நினைத்துவிட வேண்டாம். முழங்கால் வலிக்கிற தாயாரையும், வழியெல்லாம் வாந்தியெடுக்கிற குழந்தையையும் அழைத்துக்கொண்டு பஸ் மாறிப் பஸ் ஏறியவர்களுக்கு அதன் அருமை தெரியும். பஸ் போகாத கிராமத்தில் கேட்பாரற்று நிற்கிற சோழர் காலத்துக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்றால் கார் ஒரு வரப்பிரசாதம். நிழல் கண்ட இடத்தில் நிற்கலாம், மனம் லயித்த இடத்தில் மணிக்கணக்காக உட்காரலாம். இதற்காகத்தான் கார் என்றால் எனக்கு ஆட்சேபணையே இல்லை.

ஆனால் நாம் செய்வது என்ன? கும்பகோணத்துக்கு வந்து பாருங்கள். ஒரே நாளில் நவக்கிரக ஸ்தலங்கள் ஒன்பதும்! திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம் இருக்கிறது. கீழப்பெரும்பள்ளமும் திருவெண்காடும் கிழக்கே பூம்புகாரை ஒட்டிக் கடலோரம் கிடக்கின்றன. ஆலங்குடி ஒரு திசை, திருநாகேசுவரம் ஒரு திசை. சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் பக்கம் பக்கம், பிறகு வைத்தீசுவரன்கோயில். திருநள்ளாறோ மாநில எல்லையையே தாண்டிப் புதுச்சேரி அரசின் காரைக்கால் பகுதியில் இருக்கிறது. சுற்றி வந்தால் 200 கிலோமீட்டருக்குக் குறையாது. பெரும்பாலான கோயில்களில் உச்சிவேளையில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகவே விடிவதற்கு முன்பே புறப்பட்டு, ஓடி, வரிசையில் முண்டியடித்து, பத்து நிமிஷத்தில் தரிசனத்தை முடித்து, மறுபடி ஓடி... ரயிலின் கால அட்டவணைக்குப் பயந்து காரில் ஏறியவர்கள், எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் போடத் துணியாத ஓர் அட்டவணையைத் தாங்களே போட்டுக்கொண்டு அதற்கு அடிமையாகிறார்கள்!

இந்த ஓட்டத்தில் கைநழுவிப் போவதைக் கணக்கிடுங்கள். சற்றே வழி விலகினால் தாராசுரம். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில். மண்டபத்தையே சக்கரமும் குதிரையும் பூட்டிய தேராகக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறான். 2004இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. "அது நவக்கிரகத்தில் வராதே சார்!" என்று தாண்டிப் போகிறார்கள். திருபுவனத்தில் மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய விமானம் சாலையில் போகிறவர்களை அண்ணாந்து பார் என்று கூப்பிடுகிறது. காருக்குள்ளே எல்லோரும் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடித்து, மண் அப்பி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். அதைப் பார்க்க ஒரு மணி நேரம் கிடையாது. ஒன்பதையும் ஒரே நாளில் எண்ணி முடிப்பதுதான் லட்சியமென்றால், 2024இல் அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்திலிருந்து அதற்கென்று பஸ் விட்டதே, அது போதாதா? பஸ் செய்கிற வேலையைச் செய்ய எதற்குக் கார்?

இதுவரை சொன்னது நமக்கு நாமே செய்துகொள்கிற அநியாயம். நமக்கு அது பிடித்திருந்தால் பட்டுக்கொள்வோம். என் உண்மையான புகார் வேறு. நம்முடைய இஷ்டம் முழுவதும் இன்னொரு மனிதனுடைய தூக்கத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அதுதான் புகார்.

நீங்கள் 4 மணிக்குக் கிளம்புவதென்றால் டிரைவர் 3 மணிக்கே எழுந்து குளித்து, வண்டியைத் துடைத்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இரவு 9 மணிக்கு ஒன்பதாவது கோயில் முடிகிறது. அப்புறம் சாப்பாடு. அப்புறம், "பக்கத்தில் ஏதோ கடை திறந்திருக்குமாமே, ஒரு பத்து நிமிஷம்." லாட்ஜுக்குத் திரும்பும்போது மணி 11. நீங்கள் லிப்டில் ஏறி மாடிக்குப் போய் ஏர்கண்டிஷனைத் திருகிவிட்டுச் சாய்கிறீர்கள். அவர்?

கோயில் ஊர் ஒன்றில், புதிதாகக் கட்டிய ஒரு லாட்ஜின் மானேஜரிடம் இதே கேள்வியை நான் கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "டிரைவரா சார்? அவங்க வண்டியிலேயே படுத்துப்பாங்க. பழக்கம்தான்" என்றார். வெளியே போய்ப் பார்த்தேன். பதினைந்து கார்கள் இருக்கும். சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கி, கொசுவுக்குப் பயந்து துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, காருக்கு ஒருவராகக் கிடந்தார்கள். கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் கொசு. காலையில் அவர்கள் குளிப்பதற்கு இருந்தது, கார் கழுவுகிற குழாய்.

இந்த ஊர்களில்தான் ஒரு காலத்தில் சத்திரங்கள் இருந்தன. தஞ்சை மராட்டிய மன்னர்கள் பிரயாணிகளுக்காகக் கட்டிய சத்திரங்களில் சில இன்றைக்கும் நிற்கின்றன. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரில் சரபோஜி கட்டிய சத்திரத்தைப் போய்ப் பார்க்கலாம். வழிநடைக்காரனுக்குச் சோறும் கிடக்க இடமும் கொடுப்பது தர்மம் என்று நினைத்த தேசம் இது. மாட்டு வண்டியில் போன காலத்தில்கூட, ராத்திரி ஓரிடத்தில் வண்டியை அவிழ்த்துப் போட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. மாடு களைத்தால் நாளைக்கு வண்டி ஓடாது என்பது அந்த எஜமானர்களுக்குத் தெரிந்திருந்தது. மாட்டுக்குக் கிடைத்த அந்த மரியாதை மோட்டார் ஓட்டுகிறவருக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஓட்டல்களும் லாட்ஜுகளும் விருந்தினரின் டிரைவர்களுக்குப் படுக்கவும் குளிக்கவும் இடவசதி செய்ய வேண்டும் என்று 2023இல் தமிழக அரசு கட்டட விதிகளையே திருத்தியது. நல்ல காரியம். ஆனால் வெட்கப்பட்டு நாமே செய்ய வேண்டியதைச் செய்ய ஓர் அரசாணை வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த விதிக்கு உயிர் கொடுக்க வேண்டியவர்கள் யார்? கவுண்டரில் நின்று அறை பேசுகிற நாம்தான். வைபை உண்டா, வெந்நீர் உண்டா, காலைப் பலகாரம் வாடகையில் அடக்கமா என்று துருவித் துருவிக் கேட்கிற நாக்கு, "எங்கள் டிரைவருக்குப் படுக்கை எங்கே?" என்று கேட்கும்போது மட்டும் ஏன் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது?

இதற்கு மாமூலாக நாலு பதில்கள் வரும். எனக்கு அவை மனப்பாடம்.

முதல் பதில்: "காசு கொடுக்கிறோமே!" யாருக்குக் கொடுக்கிறீர்கள்? கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நீங்கள் எண்ணிக் கொடுக்கிற பணம் கார் முதலாளிக்குப் போகிறது. பெரும்பாலும் டிரைவர் முதலாளி அல்ல. அவருக்கென்று நீங்கள் கொடுப்பது பேட்டா. 400, 500 ரூபாய். அதிலே மூன்று வேளை சாப்பிட வேண்டும். ஓர் அறை எடுத்துப் படுத்தால் அன்றைய பேட்டா அதோடு சரி. படுக்கைக்கும் வீட்டுக்கு அனுப்புகிற பணத்துக்கும் நடுவே அவரை நிறுத்தி, எது வேண்டும் என்று கேட்கிறீர்கள். வீட்டில் குழந்தை உள்ளவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

இரண்டாவது பதில்: "நாம் கோயிலுக்குள்ளே இருக்கும்போதெல்லாம் அவருக்கு ஓய்வுதானே?" காத்திருப்பது ஓய்வாகாது. வெயிலில், நிழலில்லாத திடலில், வண்டியை இங்கே வை அங்கே வை என்று விரட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, எந்த நிமிஷம் செல்போன் மணி அடிக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் ஓய்வா? மோட்டார்த் தொழிலாளர்களுக்கென்று 1961இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் வேலை நேரம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக வகுத்தது: முதலாளியின் வசத்திலோ, அவருடைய சேவையைக் கோர உரிமையுள்ள வேறொருவரின் வசத்திலோ தொழிலாளி இருக்கிற நேரம். அந்த வேறொருவர் நாம்தான் ஐயா! சில விலக்குகள் நீங்கலாக நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று அது வரம்பு கட்டியது. ஐந்து மணி நேரம் உழைத்தால் அரை மணி ஓய்வு என்றது. 2020ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதைத் தன்னுள் இழுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் அந்த இலக்கணத்திலிருந்த நியாயத்தை எந்தத் தொகுப்பும் விழுங்கிவிட முடியாது.

மூன்றாவது பதில்: "அவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல, கடைக்கடையாகக் கமிஷன் வாங்குகிறவர்கள்." ஆமாம், சிலர் வாங்குகிறார்கள். பட்டுப்புடவைக் கடையில் கொண்டுபோய் விட்டால் இவ்வளவு, சாப்பாட்டு ஓட்டலில் நிறுத்தினால் சாப்பாடு இலவசம். நல்ல கடையை விட்டுவிட்டு மட்டமான கடைக்கு அழைத்துப் போகிறார் என்றால் அது தப்புத்தான். நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நாலு இடத்தில் விசாரித்து, இருப்பதிலேயே மலிவான வாடகையைக் கசக்கிப் பிழிந்து வாங்கிக்கொண்டு, அந்த வாடகையில் துண்டு விழுகிற கூலியை அவர் எங்கிருந்து தேடுவார் என்று நினைத்தீர்கள்? நாம் கொடுக்க மறுத்ததைத்தான் கடைக்காரன் கொடுக்கிறான். அப்புறம் அதையும் நம் தலையிலேயே கட்டுகிறான். மலிவு தேடிப் போகிறவர்களில் இன்னொரு ரகம் உண்டு: மஞ்சள் பலகை வண்டி எதற்கு, வெள்ளைப் பலகைச் சொந்தக் காரே வாடகைக்கு வருகிறதே என்பவர்கள். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பது அந்தப் பலகையைத்தான் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

நான்காவது பதில்தான் எல்லாவற்றிலும் கொடியது: "அவர்களுக்கு அதெல்லாம் பழகிப்போச்சு." பட்டினி பழகாது, தூக்கமின்மையும் பழகாது. விடியற்காலை 3 மணிக்கு ஸ்டியரிங் பிடித்த கை யாருடையதானாலும் இமை இமைதான். அதற்குக் கைராசி, அனுபவம் எல்லாம் தெரியாது. ஒரு கணம் மூடினால் போதும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் போய்விடுகிறது. பின்சீட்டில் உங்கள் குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது. தர்மம், நியாயம் எல்லாம் வேண்டாம். சுத்த சுயநலம் ஒன்றிருந்தாலே போதும், டிரைவரைத் தூங்க விடுவீர்கள்!

ஆனால் அந்தச் சுயநலம்கூட நமக்கு ஒழுங்காக வரவில்லை. கடைசி நாள் சாயங்காலம் ஒரு பேரம் நடக்கும், கவனித்திருக்கிறீர்களா? "இன்னொரு ராத்திரி ரூம் எடுப்பானேன்? டிரைவருக்கு 500 ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிடுவோம். ராத்திரியே ஓட்டிக்கொண்டு போய்விடட்டும். காலையில் வீட்டில் காபி." அவர் சரி என்பார். மாட்டேன் என்றால் அடுத்த சவாரிக்கு முதலாளி வேறு ஆளைக் கூப்பிடுவார் என்பது அவருக்குத் தெரியும். அந்த 'சரி'யைச் சம்மதம் என்று எண்ணிக்கொண்டு நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம். 500 ரூபாய்க்கு ஒரு மனிதனுடைய ராத்திரியையும், அதோடு சேர்த்து நம் குடும்பம் முழுவதன் ஆயுளையும் பணயம் வைக்கிறோம். இதற்கு நாம் வைத்திருக்கிற பெயர் சிக்கனம்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. வாடகை பேசும்போதே டிரைவரின் படுக்கையையும் பேசுங்கள். லாட்ஜில் இடமில்லை என்றால் அவருக்கும் ஓர் அறை போட்டு, அதையும் பிரயாணச் செலவில் எழுதுங்கள். அது முடியாதென்றால் உங்கள் பணத்துக்கு நாலு நாள் பிரயாணம் கட்டாது, மூன்று நாள்தான் கட்டும் என்று அர்த்தம். காலையில் கிளம்பிய நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆனதும் சாவி அவர் பையில் போய்விட வேண்டும். அதற்கு மேல் நடந்து போகிற தூரத்தில் உள்ளதைப் பாருங்கள். நீங்கள் சாப்பிடுகிற ஓட்டலில், நீங்கள் சாப்பிடுகிற வேளையில் அவரும் சாப்பிடட்டும். ஒன்பது கோயிலை மூன்றாக்குங்கள். எந்த ஊரில் எப்போது நிழல் விழும், எந்தப் பாதை மழையில் கெட்டுக் கிடக்கிறது என்பது உங்களைவிட அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை அவரைக் கேட்டுத் திட்டம் போடுங்கள். அப்படிப் போட்டால் தாராசுரத்துக்கும் நேரம் இருக்கும், தூக்கத்துக்கும் நேரம் இருக்கும்.

இனிமேல் யாராவது விடுமுறையில் போய்வந்த கதையை உங்களிடம் விஸ்தாரமாகச் சொன்னால், எத்தனை இடம் பார்த்தார், எத்தனை படம் எடுத்தார் என்றெல்லாம் கேட்காதீர்கள். டிரைவர் எங்கே படுத்தார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால், இன்னொரு தடவை கேளுங்கள்.