விரலுக்குத் தெரியுது சரி, பில்லுல அளவு எங்கே? வடசென்னை வீட்டுப் பட்டறைகளுக்கு மைக்ரோமீட்டர் ஏன் தேவை?

வண்டியைக் கழட்டிப் போட்டாச்சு. ஹெட், பிளாக், பிஸ்டன் எல்லாம் பழைய செய்தித்தாள் மேல் வரிசையாக இருக்கின்றன. மெக்கானிக் பிளாக்குக்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்று சுற்றுகிறார். "கோடு விழுந்துருக்குணா. போர் பண்ணி புது பிஸ்டன் போட்டுரலாம்." வண்டிக்காரர் தலையாட்டுகிறார். வேறு என்ன செய்ய முடியும்? அந்த விரலுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாதே.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீட்டு வாசலையோ மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடத்தையோ பட்டறையாக்கிக் கொண்டவர்களின் கைத்திறமையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் வேறு ஒன்றில்தான். போர் செய்வது திரும்பப் பெற முடியாத வேலை. ஒருமுறை சீவிய இரும்பு சீவியதுதான். அந்த முடிவை ஒரு எண்கூட எழுதாமல் எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. அதற்கான காரணங்கள் இதோ.

புல்லட் ஊரின் கதை

அளவு என்பது இந்தப் பகுதிக்குப் புதிது இல்லை. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் எண்ணூரின் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். 1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. திருவொற்றியூர் புல்லட் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

இப்படிப்பட்ட ஆலைகளில் கேஜ் இல்லாமல் ஒரு பாகம் அடுத்த கைக்குப் போகாது. ஒருவர் செய்த பிஸ்டன், இன்னொருவர் சீவிய சிலிண்டரில் பொருந்த வேண்டுமென்றால், இருவருக்கும் பொதுவாக ஓர் அளவு வேண்டும். ஆனால் அதே வண்டி ஆலையின் கேட்டைத் தாண்டி நாலு தெரு தள்ளி ஒரு வீட்டுப் பட்டறைக்கு வந்ததும், அளவு போய் 'கணக்கு' வந்துவிடுகிறது. "கண்ணாலேயே தெரியுது சார்" என்பதுதான் அந்தக் கணக்கு.

ஒரு நூல் எங்கே, ஒரு மைக்ரான் எங்கே?

தச்சர்களும் கொத்தனார்களும் 'நூல்' கணக்கில் பேசுவார்கள். எட்டு நூல் ஓர் இன்ச். அதாவது ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கதவுக்கு அது போதும். இன்ஜினுக்குப் போதாது.

பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் குறுக்களவு 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 346 சிசி. அந்த 70 மி.மீ. குழாய்க்குள் ஓடும் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விடுகிற இடைவெளியை ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு என்ற கணக்கில்தான் சொல்ல முடியும். தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 0.05 முதல் 0.1 மி.மீ. இருக்கும்.

இடைவெளி கூடினால் சத்தம் வரும், புகை வரும், ஆயில் குறையும். பணம்தான் நஷ்டம். குறைந்தால்? பிஸ்டன் அலுமினியம், பழைய புல்லட்டின் பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இடம் போதாவிட்டால் பிஸ்டன் ஜாம் ஆகும். எண்ணூர் விரைவுச்சாலையில் முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரி போகும்போது பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

எந்தக் கருவி எதற்கு?

பள்ளி இயற்பியல் லேபில் வெர்னியர் அளவியும் திருகு அளவியும் பிடிக்காதவர் குறைவு. மீச்சிற்றளவு, சுழிப்பிழை என்ற இரண்டு சொற்களும் பரீட்சையோடு மறந்துபோயிருக்கும். பட்டறைக்குத் தேவைப்படுபவை அந்த இரண்டும்தான்.

டிஜிட்டல் காலிப்பர் இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. திரையில் 0.01 மி.மீ. வரை எண் ஓடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 0.01 வரை காட்டுவது வேறு, 0.01 வரை சரியாக இருப்பது வேறு. பேர்போன கம்பெனிகளின் 150 மி.மீ. காலிப்பருக்கே பிழை கூட்டியோ குறைத்தோ 0.02 மி.மீ. வரை இருக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. தாடையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலோ சாய்த்துப் பிடித்தாலோ அது இன்னும் கூடும். போல்ட் நீளம், வாஷர் தடிமன், பேரிங் சைஸ் பார்க்க காலிப்பர் அருமையான கருவி. சிலிண்டர் தேய்மானத்தைப் பார்க்க அது ஆகாது.

பிஸ்டனை அளக்க மைக்ரோமீட்டர், அதாவது பள்ளியின் திருகு அளவி. மரையை ஒரு சுற்று சுற்றினால் அரை மி.மீ. நகரும். சுற்றுவட்டத்தில் 50 கோடுகள். ஆக ஒரு கோடு 0.01 மி.மீ. நுனியில் இருக்கும் ராட்செட் 'டிக் டிக்' என்று நழுவும்வரைதான் திருக வேண்டும். வைஸ் மாதிரி இறுக்கினால் கருவியும் கெடும், அளவும் கெடும். பிஸ்டன் முழு வட்டமாக இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. பிஸ்டன் பின்னுக்குக் குறுக்குத் திசையில், ஸ்கர்ட் பகுதியில், மேனுவல் சொல்லும் உயரத்தில் அளக்க வேண்டும்.

சிலிண்டரை அளக்க டயல் போர் கேஜ். மைக்ரோமீட்டரை 70.00-ல் வைத்து, அதற்குள் போர் கேஜைப் பிடித்து முள்ளைப் பூஜ்யமாக்கிக்கொண்டு, பிறகு பிளாக்குக்குள் இறக்க வேண்டும். மேல், நடு, கீழ் என மூன்று இடம். ஒவ்வொன்றிலும் முன்பின்னாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மொத்தம் ஆறு அளவுகள். மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகமாக இருக்கும் என்பதால், ஒரே இடத்தில் அளந்துவிட்டு முடிவு சொல்ல முடியாது. உதாரணத்துக்கு, மேலே 70.06, கீழே 70.02 என்று வந்தால் 0.04 மி.மீ. கூம்பு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த 0.04-ஐ 0.02 பிழை உள்ள காலிப்பரை வைத்து எப்படி நம்புவது?

டேப்பட், பாயின்ட், பிளக் இடைவெளிகளுக்கு ஃபீலர் கேஜ். பட்டறைத் தமிழில் 'பில்லர் கேஜ்'. இதற்கு விசிட்டிங் கார்டையும் பிளேடையும் சொருகுகிற பழக்கத்தை விட்டுவிடலாம். மிக மலிவான கருவிகளில் இதுவும் ஒன்று.

பழைய புல்லட்டுக்கு மரை கேஜ் கட்டாயம் வேண்டும். போர் மில்லிமீட்டரில் இருந்தாலும், இங்கிலாந்து வரைபடத்திலிருந்து வந்த பல மரைகள் இன்ச் கணக்கு. விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் மரைக்கு 60. தப்பான போல்ட்டும் இரண்டு சுற்று ஏறத்தான் செய்யும். மூன்றாவது சுற்றில் மரை போய்விடும்.

சென்னை வெயிலும் கடல் காற்றும்

உலகம் முழுக்க நீள அளவுகளுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். சென்னையில் அது மார்கழி விடியற்காலைக்குக் கிடைத்தால் உண்டு. மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே என்ன ஆகும்?

70 மி.மீ. அலுமினியப் பிஸ்டனை 15 டிகிரி சூடாக்கினால் அது ஏறக்குறைய 0.024 மி.மீ. விரியும். பிஸ்டன் வெயிலில் கிடந்து, பிளாக் நிழலில் இருந்து, இரண்டையும் எடுத்தவுடன் அளந்தால், வரும் இடைவெளி அந்த அளவுக்குத் தப்பாக இருக்கும். போர் போடுகிறவருக்கு இது சின்னப் பிழை இல்லை. இதற்கு ஏசி தேவையில்லை. பிஸ்டன், பிளாக், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே நிழலில், ஒரே மேசையில் சில மணி நேரம் வைத்துவிட்டு அளந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொரு எதிரி உப்புக் காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிற ஊர் இது. மைக்ரோமீட்டரின் முகத்தில் ஒரு துருப்புள்ளி வந்தால் அதன் மேல் வைக்கும் நம்பிக்கையும் போச்சு. வேலை முடிந்ததும் துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, இரண்டு முகங்களும் ஒட்டாமல் சிறு இடைவெளி விட்டு, டப்பாவில் மூடி வைக்க வேண்டும். ஸ்பேனர் டிரேயில் சுத்தியலோடு போட்டால், அது அளக்கும் கருவி என்ற தகுதியை இழந்துவிடும்.

கருவியே பொய் சொன்னால்?

காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை உண்டு. 2009-ம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டம் அதற்கு இருக்கிறது. வீட்டுப் பட்டறையில் இருக்கும் காலிப்பரைச் சரிபார்ப்பது அதை வைத்திருப்பவர் பொறுப்பு.

முதல் சோதனை சுழிப்பிழை. தாடைகளைத் துடைத்து, மூடி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தாடை தேய்ந்துவிட்டது. இரண்டாவது சோதனைக்கு, நல்ல கம்பெனியின் புது 6203 பேரிங் ஒன்று போதும். அதன் வெளிவட்டம் 40 மி.மீ. சாதாரணத் தரத்திலேயே அது 40-க்கு மேல் போகாது, 0.011 மி.மீ.-க்கு மேல் குறையவும் குறையாது. காலிப்பர் அதை 39.90 என்று காட்டினால் தப்பு பேரிங்கில் இல்லை. மைக்ரோமீட்டரை முறையாகச் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால், கிண்டியில் மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. பரிசோதனை மையமும், என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் இருக்கின்றன.

'இதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. ஸ்வீடனில் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர் கார்ல் எட்வர்ட் யோஹான்சன். அளவுத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து எந்த நீளத்தையும் உருவாக்கலாம் என்று 1896-ல் யோசித்தார். வீட்டிலிருந்த மனைவியின் தையல் மெஷினைத் துண்டுகளைத் தேய்க்கும் இயந்திரமாக மாற்றிக்கொண்டார். பிற்காலத்தில் ஃபோர்டு வரைக்கும் போன அந்த 'கேஜ் பிளாக்' ஒரு வீட்டில்தான் உருவானது.

'முப்பது வருஷக் கை அனுபவம் போதாதா?'

நியாயமான கேள்வி. கை பல இடங்களில் கருவியை மிஞ்சும். பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டில் டேப்பட் செட் பண்ணும் முறையே விரலை நம்பியதுதான். இன்ஜின் ஆறியிருக்கும்போது புஷ் ராடு விரலுக்குத் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சிலிண்டர் சுவரில் விழுந்த கீறலையும், மேலே உள்ள விளிம்பையும் விரல் கண்டுபிடித்துவிடும்.

ஆனால் விரலுக்கு மூன்று விஷயம் வராது. எவ்வளவு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சென்ற வருஷம் எவ்வளவு இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளாது. இன்னொருவரின் விரலுக்கு அதை மாற்றிக் கொடுக்கவும் முடியாது. லேத் பட்டறைக்கு பிளாக்கை எடுத்துக்கொண்டு போகிற பையனிடம் "கொஞ்சம் டைட்டா வைக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினால், அந்தக் 'கொஞ்சம்' வழியிலேயே மாறிவிடும்.

செலவைப் பற்றிய தயக்கமும் உண்மைதான். நல்ல மைக்ரோமீட்டரும் போர் கேஜும் சேர்ந்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அன்றாடம் சம்பாதிக்கிற ஒருவருக்கு அது சின்னத் தொகை இல்லை. அதே தெருவில் நாலு பட்டறைகள் சேர்ந்து ஒரு செட் வாங்கிக்கொள்ளலாம். ஆலைகளில் கேஜ் பிடித்து ஓய்வு பெற்றவர்கள் இந்தத் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தால், எந்த யூடியூப் வீடியோவும் சொல்லாததைச் சொல்லுவார்கள்.

பில்லில் நாலு எண்கள்

தேவை ஒரு சின்னப் பழக்கம்தான். போர் போடும் முன் பிளாக்கின் அளவு, பிஸ்டனின் அளவு, போர் போட்ட பின் பிளாக்கின் அளவு, விட்ட இடைவெளி என நாலு எண்களை பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். 0.25, 0.50 என்று ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற ஏற சிலிண்டரின் ஆயுள் குறைகிறது. தேவையே இல்லாமல் ஒரு சைஸ் தாண்டினால் அது வண்டிக்காரரின் சொத்தில் விழும் வெட்டு.

அந்த எண்கள் மெக்கானிக்குக்கும் காவல். மூன்று மாதம் கழித்து வண்டி புகை கக்கினால் "நீதான் கெடுத்துட்டே" என்ற பேச்சுக்கு அவரிடம் பதில் இருக்கும். கடையில் வாங்கிய பிஸ்டனே சைஸ் தப்பு என்றால் அதையும் அன்றைக்கே சொல்லித் திருப்பிவிடலாம்.

வண்டிக்காரர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை "போர் போடணும்ணா" என்று கேட்டதும் தலையாட்டும் முன், "எவ்ளோ தேஞ்சிருக்குப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.