மலைக்கும் ஒரு மென்பொருள் கிடங்கு வேண்டும்

ஆண்ட்ராய்டு செயலி எழுதும்போது, நூலகங்களைத் தேடும் கட்டத்திலேயே கிரேடில் என்னும் பில்டு கருவி நின்றுவிட்டால், பலர் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டைப் போல் மலைமேல் இருக்கும் ஊரில், ஒரு ஜிபி-க்குச் சற்றே மேலான கோப்பை மறுபடி இறக்குவது தண்டனைதான். கோளாறும் அதனால் தீராது. செயலியின் பில்டு கோப்பில் எழுதியுள்ள வரிசைப்படி, நூலகங்கள் இருக்கும் இணையக் களஞ்சியங்களை ஒவ்வொன்றாக கிரேடில் கேட்கிறது. ஒன்று பதில் தராவிட்டால் காலக்கெடு முடியும்வரை காத்திருக்கிறது. ஜேசென்டர் களஞ்சியத்தை நிறுத்தப்போவதாக ஜேஃபிராக் நிறுவனம் 2021 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது. பழைய பாடங்களில் அந்தப் பெயர் இன்னும் கிடக்கிறது. கிரேடில் கட்டளையுடன் ‘இன்ஃபோ’ சேர்த்து ஓட்டினால் எந்த முகவரியில் நிற்கிறது என்று தெரியும். அந்த வரியைத் திருத்தி, எல்லாம் ஒருமுறை இறங்கிவிட்டால், பிறகு ‘ஆஃப்லைன்’ முறையில் இணையமின்றியே வேலை நடக்கும்.

அந்த ‘ஒருமுறை’தான் மலையில் கடினம். அதனால்தான் நாமக்கல் மாவட்டக் கல்லூரிகள் பொதுவான நகல் களஞ்சியம் ஒன்றை வைக்க வேண்டும் என்கிறேன். விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் தேவையானதைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லலாம். செல்பேசிக் கோபுரங்கள் வந்தால் இது எதற்கு என்பார்கள். ஆனால் 2016 மார்ச்சில் 11 வரி கொண்ட ‘லெஃப்ட்-பேட்’ என்னும் நூலகம் அதன் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டபோது, வேகமான இணையம் உள்ள நிறுவனங்களிலும் பில்டுகள் முறிந்தன. நகல் பழசாகி, ஓட்டையுள்ள பதிப்புகள் தங்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது. 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தில் வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டை அதைக் காட்டியது. ஆகவே வாராவாரம் புதுப்பிக்கச் சம்பளம் பெறும் ஓர் ஊழியரையும் சேர்த்தே கேட்க வேண்டும்.