யந்திரம் கற்றவர் ஓட்டுக் கேட்டால்?

பண்பொழித் திருமலைக் கோயிலின் மேல் நின்று மேற்கே நோக்கினால், நீல மலைத் தொடர் குறுக்கே நிற்கிறது. அதற்கு அப்பால் கேரளம். இப்பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் முதல் தேதி வரும் வரையில் அப்பக்கத்து ராஜ்யத்தைத்தான் சேர்ந்திருந்தது. ஆகவே, மலையாள நாட்டு அரசியல் நமக்கு அயல் வீட்டுச் சமாசாரமேயன்றி அயல் நாட்டுச் சமாசாரம் அன்று.

அங்கே ஸ்ரீ ராஜீவ் சந்திரசேகர் என்பவர் 2025 மார்ச்சு மாதத்தில் பாரதீய ஜனதா கட்சியின் மாகாணத் தலைவரானார். இவர் அமெரிக்காவில் இன்டெல் கம்பெனியில் என்ஜினீயராக இருந்தவர், 1994-இல் பி.பி.எல். மொபைல் கம்பெனியைத் தொடங்கினார். தமிழ்நாட்டிலும் அதன் சேவை இருந்தது. 2005-இல் அதை விற்றார்; 2006-இல் ராஜ்ய சபைக்குப் போனார்; 2021-இல் மத்திய ராஜாங்க மந்திரியானார். 2024-இல் திருவனந்தபுரத்தில் ஜனங்களிடம் நேரே ஓட்டுக் கேட்டபோதோ, 16,077 வாக்குகளில் தோற்றார். தோற்ற மாகாணத்திலேயே மறு வருஷம் தலைமைப் பொறுப்பை ஏற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு முன் பெங்களூரில் இன்னொரு பாடம் நடந்தது. இன்போஸிஸ் ஸ்தாபகர்களில் ஒருவரும், ஆதார் ஏற்பாட்டை நடத்தியவருமான ஸ்ரீ நந்தன் நீலகேணி, 2014-இல் காங்கிரஸ் அபேக்ஷகராக நின்று இரண்டு லக்ஷத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். கோடிக்கணக்கான ஜனங்களுக்கு எண் கொடுத்தவருக்கு, ஒரு தொகுதியின் எண்ணிக்கை கை கொடுக்கவில்லை!

நாம் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. பணக்காரர் என்பதற்காக ஒருவரை வெறுப்பதும் தவறு. கெட்டிக்காரர் என்பதற்காக ராஜ்யத்தைத் தூக்கிக் கொடுப்பதும் தவறு. வியாபாரத்துக்கும் அரசாட்சிக்கும் உள்ள பேதத்தை மறந்தால்தான் ஆபத்து.

லாபம் கிட்டாத இடத்தில் செல்போன் கோபுரம் நட வேண்டுமென்று கம்பெனிக்குக் கட்டாயமில்லை. ஆனால் பண்பொழிக்கு அருகே மேக்கரை போன்ற மலையடிவாரத்து ஊருக்கும் ரேஷன் அரிசி வந்தாக வேண்டும். பள்ளிக்கூடம் திறந்தாக வேண்டும். வாடிக்கைக்காரருக்குப் பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். பிரஜை எங்கே போவான்? கம்பெனி தன் வாடிக்கைக்காரரைத் தேர்ந்தெடுக்கலாம். சர்க்கார் தன் பிரஜையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இன்னொரு விஷயம்: சொத்துக் கணக்கு. சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பின் பயனாகச் சுமார் இருபது வருஷங்களுக்கு மேலாக ஒவ்வோர் அபேக்ஷகரும் தம் சொத்தையும் கடனையும் பிரமாணமாக எழுதிக் கொடுக்கிறார். அது நல்லதே. ஆனால் வியாபாரம் விட்டு வருகிறவரிடம் அதற்கு மேலும் ஒரு கேள்வி உண்டு: “நாளைக்குத் தாங்கள் போடும் உத்தரவினால் தங்கள் கம்பெனிக்கு லாபம் வந்தால், அதை யார் கண்காணிப்பார்கள்?” இதைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. ஓட்டுப் போடுகிறவரின் கடமை அது.

நம் பக்கத்திலே வேறு ஒரு வழியும் தெரிகிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸ்ரீ ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ கம்பெனி 2011 முதல் காரியாலயம் வைத்து, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை கொடுத்து வருகிறது. தேர்தலில் நிற்காமலும் ஊருக்கு உதவலாம் என்பதற்கு அது சாக்ஷி. ஆனால் சாலையும் தண்ணீரும் தர்மமாக வரவேண்டியவை அல்ல, உரிமையாக வரவேண்டியவை. அதற்கு அரசியல்தான் வழி. நல்லவர்கள் அதை விட்டு விலகினால் மற்றவர்கள் விலக மாட்டார்கள்!

ஆகையால் யந்திரம் கற்றவர்கள் தாராளமாக வரட்டும். வரும்போது கம்பெனிக் கணக்கை வாசலிலே வைத்துவிட்டு வரட்டும். தோற்றாலும் ஐந்து வருஷம் அதே ஊரில் இருக்கட்டும். திருமலைக்கு மோட்டார்ப் பாதையும் உண்டு, படிகளும் உண்டு. ஓட்டர்களின் வீட்டுக்கு மட்டும் படி ஏறித்தான் போக வேண்டும்.